ஈக்குச் சமைக்கிறவள் கையெழுத்துப் போடவில்லை

கூழக்கா ஈக்குச் சமைக்கிறவள். கேட்டால் சிரிப்பு வரும்; வரட்டும். வியாபாரம் இல்லாதவன் ஈ ஓட்டுகிறான் என்று கேலி பேசுகிற உலகத்துக்கு, ஈக்கு உலை வைத்தே பதினோரு வருஷம் குடும்பம் நடத்துகிற ஒருத்தியைப் பற்றி என்ன தெரியும்? வேலை கிடைத்த அன்று அவள் வீட்டுக்காரரே விழுந்து விழுந்து சிரித்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"ஊரே ஈய அடிச்சு வெரட்டுது. நீ அதுக்கு உக்கார வச்சுப் பரிமாறப் போறியா?"

"சிரிங்க, நல்லா சிரிங்க. அதுங்க சாப்பிட்டுட்டு உப்பு இல்ல, ஒறப்பு இல்லன்னு மூஞ்சியத் தூக்காதுங்க. உங்களுக்குச் சமைக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்" என்றாள் கூழக்கா.

அவள் சமைப்பது பழ ஈக்களுக்கு. அழுகின வாழைப்பழத்தைச் சுற்றுமே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக, அதே ஈதான். ஆராய்ச்சிக் கூடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடைய சமையலறை. மக்காச்சோள மாவு, ஈஸ்ட், சர்க்கரை, எல்லாவற்றையும் உறைய வைக்க அகர். இவ்வளவையும் பெரிய பானையில் கொதிக்கவிட்டுக் கிண்டினால் பழுப்பு நிறத்தில் ஒரு கூழ் வரும். கடைசியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு மருந்து ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும், ரொம்ப ஆறவிட்டால் கூழ் கட்டிதட்டிப்போய் மருந்து கலக்காது. அறுபது டிகிரி. பானையில் புறங்கையை வைத்தே அவள் அதைச் சொல்லிவிடுவாள். ஆனாலும் வெப்பமானியைப் போட்டுப் பார்த்து எழுதி வைப்பாள். பிறகு கூழைச் சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, பஞ்சு அடைத்து, அன்றைக்குரிய நிறத்தில் டேப் ஒட்டி மாடிக்கு அனுப்புவாள். ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு கரண்டி தனியாகக் குளிர்பெட்டிக்குப் போகும். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அது அவளாகப் பழகிக்கொண்ட வழக்கம், அதற்கொரு காரணமும் உண்டு.

மாடியில் ஈக்களுக்குப் பாடம் நடக்கும். பாடம் எடுப்பவனை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். கதவுக்குக் கதவு குனிந்து நுழைகிற உயரம். முப்பத்திரண்டு வயது, எப்போதும் பதற்றம். ஆனால் பேச உட்கார்ந்தால் நல்ல பிள்ளை. தேநீர் குடிக்கிற நேரத்தில் கீழே வந்து மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, தன் ஈக்களைப் பற்றி மணிக்கணக்காய்ப் பேசுவான்.

அவன் சொல்லித்தான் கூழக்காவுக்கு எல்லாம் தெரியும். ஒரு குழாயில் நூறு ஈக்களை விட்டு, பழைய செருப்பு மாதிரி ஒரு நாற்றத்தை ஊதிக்கொண்டே, காலில் லேசாக மின்சாரம் கொடுப்பார்கள். பிறகு மருந்துக்கடை மாதிரி இன்னொரு வாசனை. அதற்கு மின்சாரம் கிடையாது. அப்புறம் இருபுறமும் வழி பிரிகிற குழாயில் விட்டால், செருப்பு நாற்றம் வருகிற பக்கம் பெரும்பாலான ஈக்கள் போகாது. ஈக்கும் ஞாபகம் உண்டு!

"ஆனா ஒரு தடவ சொல்லிக்கொடுத்தா மறுநாளைக்கு மறந்துரும்க்கா. பத்து தடவ மூச்சு விடாம சொல்லிக்கொடுத்தாலும் மறந்துரும். கால் மணி நேரம் ஓய்வு விட்டு, ஓய்வு விட்டு பத்து தடவ சொல்லிக்கொடுத்தாத்தான் நாள் கணக்கா நிக்கும்."

"அது ஏன் தம்பி?"

"மூளைக்குள்ள ஒரு நரம்பு செல் இருக்குன்னு வைங்க. நாத்தமும் வலியும் ஒண்ணா வந்து கதவத் தட்டுது. உள்ள ஒரு நொதி முழிச்சுக்கிட்டு ஒரு சின்ன ரசாயனத்த அனுப்புது. அது போய் இன்னொண்ண எழுப்புது. அது இன்னொண்ண. இப்படி கை மாறி, கை மாறி, சேதி நடுவுல இருக்குற உள்ளறைக்குப் போகணும். மரபணுவெல்லாம் அங்கதான் இருக்கு. அங்க ஒரு சுவிட்ச் போட்டாத்தான் புதுப் புரதம் உண்டாகி, ஞாபகம் கெட்டியாகும். ஓய்வே விடலைன்னா சேதி உள்ளறைக்குப் போய்ச் சேராது."

"வாசல்லயே நின்னு பேசிட்டுப் போற விருந்தாளி மாதிரி."

"அதேதான்!" என்று நெட்டையன் துள்ளியதில் தேநீர் மாவு மூட்டைமேல் கொட்டியது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவனுடைய பெரிய வேலை இதுதான். ஒரு மரபணுவை மாற்றி ஒரு வகை ஈயை வளர்த்திருந்தான். அது மட்டும் ஒரே பாடத்தில் மறுநாள்வரை ஞாபகம் வைத்திருந்தது. சாதாரண ஈ மறந்துவிடும், இது மறக்காது. அந்த வித்தியாசத்தில்தான் அவனுடைய நான்கு வருஷ உழைப்பு நின்றது. ஆய்வைச் சரிபார்க்க ஒரு குழு வருவதாக இருந்தது. அதற்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்தது வினை: சாதாரண ஈக்களும் ஒரே பாடத்தை மறுநாள் ஞாபகம் வைத்திருக்க ஆரம்பித்தன. ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்காக. எல்லா ஈயும் கெட்டிக்கார ஈ என்றால் இவனுடைய ஈக்கு என்ன பெருமை?

மிஷினை மாற்றினான், வாசனைப் புட்டியை மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. தேடித் தேடிக் கடைசியில் கூழக்காவின் நோட்டில் வந்து நின்றான். சரியாக இரண்டு மாதம் முன்பு அவள் புது ஈஸ்ட் மூட்டை பிரித்திருந்தாள்.

கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அந்த வாரம் அவர் வெளியூரில் இருந்தார். நெட்டையன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளோடு கீழே வந்தான். பிழை அறிக்கை. என்ன தவறு, என்ன காரணம், யார் பொறுப்பு என்று மூன்று கட்டம். முதல் இரண்டையும் அவனே எழுதி வைத்திருந்தான்: "சாதாரண ஈக்களின் நினைவாற்றல் மாறியது. உணவு தயாரிப்பில் ஏற்பட்ட பிழை." மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

"ஒரு கையெழுத்துதான்க்கா. கூழ்ல கோளாறுன்னு காட்டினா அந்த ரெண்டு மாசக் கணக்க ஒதுக்கி வச்சுட்டு, பழைய முடிவ வச்சு ஒப்பேத்திரலாம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ரொம்பப் போனா கொஞ்ச நாள் பாட்டில் கழுவுற பக்கம் மாத்துவாங்க."

கூழக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் கூழ்ல கோளாறு இல்ல."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? ஈஸ்ட் மாறியிருக்குல்ல?"

"மாறியிருக்கு. அத நாந்தான எழுதி வச்சிருக்கேன்? தப்புப் பண்றவ எழுதி வைப்பாளா?"

"அக்கா, புரிஞ்சுக்குங்க. போட்டுட்டு சாப்பிடப் போங்க, நேரமாகுதுல்ல."

அவன் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அவள் முகம் மாறிய மாற்றத்தைப் பார்த்து நெட்டையன் ஓர் அடி பின்வாங்கி, நிலைவாசலில் தலையை இடித்துக்கொண்டான்.

"போட மாட்டேன். என் வேலையப் பறிச்சாலும் சரி, என்னப் பாட்டிலுக்குள்ள போட்டு அடைச்சாலும் சரி, போட மாட்டேன். தாள இங்க வச்சுட்டுப் போங்க தம்பி. மேடம் வரட்டும், நான் பேசிக்கிறேன்."

கரண்டி எடுத்து வைப்பதற்கும் இந்தக் கோபத்துக்கும் ஒரே பழைய காரணம்தான். இருபத்திரண்டு வயதில் அவள் ஒரு துணி ஆலையில் சட்டைக் கை தைத்தாள். வெட்டுகிற பிரிவில் யாரோ அளவைத் தப்பாகப் போட்டு, முந்நூறு சட்டைக்குக் கை குட்டையாகிவிட்டது. பழியைத் தூக்கி இவள் தலையில் போட்டார்கள். சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் அலுவலக அறைக்குக் கூப்பிட்டு மேசை ஓரமாக நிறுத்தினார்கள். "கையெழுத்துப் போட்டுட்டு சாப்பிடப் போ." ஒருமணி, இரண்டுமணி, நான்குமணி. காலையிலும் அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்து மணிக்குப் போட்டாள். மறுநாள் வேலை போயிற்று. வேலை போனதுகூடப் பெரிசில்லை. செய்யாத தப்பை "நான்தான் செய்தேன்" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததை நினைத்தால், இருபத்தைந்து வருஷம் கழித்து இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதற்குப் பிறகுதான் எதையும் எழுதி வைப்பது, எதிலும் ஒரு கரண்டி எடுத்து வைப்பது எல்லாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். வீட்டுக்காரருக்கு விஷயம் முழுவதும் தெரிந்துபோயிற்று.

"போட்டுத் தொலையேன். பாட்டில் கழுவினா என்ன குறைஞ்சிருவ?"

"நீங்க ரிப்பேர் பண்ணாத லிஃப்ட் அறுந்து விழுந்தா, நான்தான் அறுத்தேன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் சமாதானமாக, "கோபத்துல சாப்பிடாம இருக்காத. அந்தப் பழைய கதையையே இன்னும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற" என்றார்.

"தொங்காம? அந்த மேசையில இருந்த பேனா பச்சை. மூடியக் கடிச்சுக் கடிச்சு நுனி நசுங்கியிருந்தது. தாள நீட்டினவன் சட்டையில மூணாவது பட்டன் வேற நூல்ல தைச்சிருந்தான். ஃபேன் ஒரு சுத்துக்கு ஒருதரம் டொக்குன்னு அடிச்சுது. எல்லாம் நேத்து நடந்த மாதிரி இருக்கு!"

"அடேங்கப்பா. சரி, நம்ம கல்யாணத்துல நான் போட்டிருந்த சட்டை என்ன கலரு?"

கூழக்கா யோசித்தாள். இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளை...யா?"

"நீலம்! கட்டினவன் சட்டை மறந்துபோச்சு, எவனோ ஒருத்தன் பட்டன் ஞாபகம் இருக்கு. நல்லா இருக்கு நியாயம்."

"கல்யாணத்தன்னிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டேன்ல, அதான் தூக்கம் தூக்கமா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது.

"என்னடி ஆச்சு?"

"வெள்ளைக் குப்பி" என்றாள் கூழக்கா.

"வெள்ளைச் சட்டைன்னு ஒரு தடவ தப்பாச் சொன்னது போதாதா?"

"சட்டை இல்லங்க, குப்பி! வெள்ளைக் குப்பி! கூழே இல்லாத குப்பி!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தட்டை இழுத்துவைத்து, ஆறிப்போனதையெல்லாம் சாப்பிட்டு முடித்தாள்.

இரண்டு மாதம் முன்பு மழை பிடித்துக்கொண்டது. குப்பிகளுக்குள் ஈரம் கோத்து, கூழ் பிசுபிசுத்து, ஈக்கள் இறக்கை ஒட்டிச் சாக ஆரம்பித்தன. அப்போது நெட்டையன் வந்து, வெறும் தண்ணீரில் அகர் மட்டும் போட்டுக் கொஞ்சம் குப்பி கேட்டான். மாவு இல்லை, சர்க்கரை இல்லை, பார்க்க வெள்ளையாக இருக்கும். "பாடத்துக்கு முன்னால ஈ சுத்தமா இருக்கணும்க்கா, அதுக்குத்தான்" என்றான். அவளும் வாரா வாரம் செய்து கொடுத்தாள். நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள். அதில் ஈ எவ்வளவு நேரம் இருக்கும் என்று மட்டும் அவள் கேட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து மேடம் வந்தார். குள்ளமான, அதிகம் பேசாத பெண்மணி. பேசினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். கூழக்கா நோட்டையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நெட்டையன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், சாமான் உடைத்த பிள்ளை மாதிரி.

"ஒரே ஒரு கேள்வி தம்பி. வெள்ளைக் குப்பிக்கு ஈய எத்தன மணிக்கு மாத்துவீங்க?"

"சாயங்காலம்... அஞ்சு மணி இருக்கும். வீட்டுக்குப் போறதுக்கு முன்னால."

"பாடம் எப்போ?"

"மறுநாள் காலைல பத்து மணிக்கு."

"பதினேழு மணி நேரம் வாயில்லா ஜீவன பட்டினி போட்டிருக்கீங்க. பழி மட்டும் சமைச்சவ தலையில."

"ஒரு ராத்திரிதானேக்கா! தண்ணி இருக்கு, சாகாது. அது சும்மா சுத்தம் பண்றதுக்காக..."

"இதை உங்க செய்முறைக் குறிப்புல எழுதியிருக்கீங்களா?" என்று மேடம் கேட்டார்.

எழுதவில்லை. சுத்தம் பண்ணுவதையெல்லாம் யார் எழுதுவார்கள்? நாற்றத்தின் அளவு, மின்சாரத்தின் அளவு, அறையின் ஈரப்பதம் எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியவன், ஈ சாப்பிட்டதா என்பதை எழுத மறந்திருந்தான். ஞாபகத்தை ஆராய்கிற மனிதன்!

"மேடம், நான் படிச்சவ இல்ல. பசிச்ச வயிறு எதையும் மறக்காதுங்கிறது எனக்குத் தெரியும், அனுபவிச்சிருக்கேன்" என்றாள் கூழக்கா.

"மனுஷன் வேற, ஈ வேற. உங்க அனுபவத்த வச்சு இத முடிவு பண்ண முடியாது" என்றார் மேடம், கறாராக.

"முடிவு பண்ணச் சொல்லல. சோதிச்சுப் பாருங்கன்னு சொல்றேன். அதே புது ஈஸ்ட்ல, உங்க கண் முன்னால கூழ் காய்ச்சுறேன். சாதாரண ஈய ரெண்டு பங்காப் பிரிங்க. ஒரு பங்கு என் கூழ்லயே இருக்கட்டும், இன்னொரு பங்கு வெள்ளைக் குப்பியில. எதுல எதுன்னு எனக்கும் தெரிய வேணாம், தம்பிக்கும் தெரிய வேணாம். என் கூழ் தின்ன ஈ மறுநாள் ஞாபகம் வச்சிருந்துச்சுன்னா, இந்தத் தாள்ல பத்து கையெழுத்துப் போடுறேன். பாட்டில் இல்ல, படிக்கட்டுகூடக் கழுவுறேன்."

"நாளைக்குக் காய்ச்சுங்க" என்றார் மேடம்.

மறுநாள் அந்த ஜன்னலில்லாத அறையில் மேடம் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்க, கூழக்கா காய்ச்சினாள். உள்ளுக்குள் ஒரு குரல், "ஒருவேளை ஈஸ்ட்தானோ?" என்று அரித்துக்கொண்டேதான் இருந்தது. அறுபது டிகிரி வந்ததும் மருந்தை ஊற்றினாள், எழுதினாள், ஒரு கரண்டி எடுத்து வைத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடம் தன் கையாலேயே ஈக்களைப் பிரித்துக் குப்பிகளில் விட்டார். மறுநாள் காலை பாடத்துக்கு ஈக்களை வெறும் குழாய்களுக்கு மாற்றி, எண் மட்டும் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். நெட்டையன் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பாடம் எடுத்தான். பாடம் முடிந்து எல்லா ஈக்கும் சாப்பாடு போட்டார்கள். அதற்கு மறுநாள், வழி பிரிகிற குழாயில் விட்டு எண்ணினார்கள்.

ஒரு கூட்டம் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதியாய்ப் பிரிந்து, செருப்பு நாற்றத்துப் பக்கமும் சாவகாசமாகப் போயிற்று. ஒன்றும் ஞாபகமில்லை. இன்னொரு கூட்டத்தில் நூற்றுக்கு எழுபது, நாற்றத்தை விட்டு விலகிப் போயின. மேடம் தன் சட்டைப்பையிலிருந்து குறிப்பை எடுத்துப் பிரித்தார். மறந்த கூட்டம் கூழ் தின்ற கூட்டம். மறக்காதது பட்டினி.

மூன்று தடவை திரும்பச் செய்தார்கள். மூன்று தடவையும் அப்படியே. நெட்டையன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மேடம் தன் அறையில் தேடி, ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையை எடுத்து வந்தார். வேறு ஓர் ஊரில், வேறு ஆராய்ச்சியாளர்கள் இதை எப்போதோ கண்டு எழுதியிருந்தார்கள். வயிறு நிறைந்த ஈயின் செல்லில், உள்ளறைக்கு வெளியிலேயே தடுத்து நிறுத்தப்படுகிற ஒரு தூதுப் புரதம் இருக்கிறதாம். பட்டினி வந்தால் தடை நீங்கி அது உள்ளே போய்விடுமாம். அப்புறம் ஒரே பாடம் போதும், சுவிட்ச் விழுந்துவிடும். ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. கோடு நெட்டையன் போட்டது.

"படிச்சிருக்கேன்" என்றான் அவன், காது சிவக்க. "மறந்துட்டேன்."

"ஓய்வு விட்டு ஓய்வு விட்டு, பத்து தடவ படிச்சிருக்கணும் தம்பி" என்றாள் கூழக்கா. மேடம் சிரித்ததை அந்தக் கூடத்தில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அவனுடைய நான்கு வருஷமும் வீணாகவில்லை. குழு வருவதற்கு முன்பே, வெள்ளைக் குப்பியை நிறுத்தியதும் சாதாரண ஈக்கள் பழையபடி மறந்தன, அவனுடைய ஈ மட்டும் மறக்கவில்லை. எல்லாம் சரியாயிற்று என்று எல்லோரும் அவரவர் வேலைக்குப் போக எழுந்தார்கள். "அந்தத் தாளக் கிழிச்சுப் போட்ருங்கக்கா" என்றான் நெட்டையன், பெரிய மனது பண்ணுகிறவன் மாதிரி.

கூழக்கா கிழிக்கவில்லை. கீழே போய், முதலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நிதானமாக, வயிறு நிறையச் சாப்பிட்டாள். கை கழுவினாள். பிறகு மாடி ஏறி வந்து, மேடம் பார்க்க அந்தத் தாளை நெட்டையன் முன்னால் வைத்தாள்.

"கிழிக்கிறதுக்கா பத்திரமா வச்சிருந்தேன்? காரணம்னு எழுதியிருக்கீங்கல்ல, அத அடிச்சுட்டு உள்ளத எழுதுங்க. கீழ கையெழுத்து இடம் காலியாத்தான் இருக்கு."

நெட்டையன் மேடத்தைப் பார்த்தான். மேடம் தன் பேனாவை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார். "உணவு தயாரிப்பில் ஏற்பட்ட பிழை" என்பதை அவன் ஒரு கோடு போட்டு அடித்தான். "பாடத்துக்கு முன் ஈக்களைப் பதினேழு மணி நேரம் உணவின்றி வைத்ததை நான் குறிப்பில் எழுதவில்லை. உணவில் குறை இல்லை" என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். கூழக்கா தாளை வாங்கி, ஒருதரத்துக்கு இரண்டுதரம் படித்துப் பார்த்து, மேடத்திடம் கொடுத்தாள். இருபத்தைந்து வருஷமாக வயிற்றில் இருந்த எரிச்சல், இன்னொருத்தன் கையெழுத்தில் அடங்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அவள் படி இறங்கும்போது நெட்டையன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அக்கா, என் மேல கோபமா?"

"இருக்காதா பின்ன? நிறைய இருக்கு. ஆனா இன்னைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் வந்திருக்கேன், நாளைக்கு மறந்தாலும் மறந்துருவேன்" என்றாள் கூழக்கா. "அந்தத் தாள் மறக்காது தம்பி."